'ஸ்கோப்' என்று ஒரு கெட்ட வார்த்தை

தம்பிக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வட்டமேசை மாநாடு நடந்தது. மேசையும் கிடையாது, வட்டமும் கிடையாது. கயிற்றுக் கட்டிலில் பெரியப்பா. பைக்கில் சாய்ந்தபடி மாமா. படியில் பக்கத்து வீட்டு அண்ணன். தூணோரம் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் அப்பா. பரீட்சை எழுதிப் பாஸானவன் மட்டும் அங்கே இல்லை, கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

"பயோ-மேத்ஸ் எடுத்தா ரெண்டு பக்கமும் போவலாம்" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"நீட் வந்தப்புறம் டாக்டர் எல்லாம் நமக்கு எங்க மாமா? கம்ப்யூட்டர் குரூப்ல போடுங்க. அதுக்குத்தான் ஸ்கோப்பு" என்றார் மாமா.

"கம்ப்யூட்டரே பழசாயிடுச்சு. இப்ப ஏ.ஐ.க்குத்தான் ஸ்கோப்பு" என்றார் அண்ணன். அவர் படித்தது மெக்கானிக்கல். வேலை பார்ப்பது வேறு எதிலோ.

அரை மணி நேரத்தில் 'ஸ்கோப்' என்ற வார்த்தை எத்தனை முறை வந்தது என்று எண்ண ஆரம்பித்து இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். இயற்பியலில் என்ன இருக்கிறது, தாவரவியல் படித்தவர் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார், வேதியியல் பையனுக்குப் பிடிக்குமா, இதில் ஒரு கேள்விகூட வரவில்லை. கத்தரிக்காய் விலை பேசுவது போல எது ஏறும், எது இறங்கும் என்று மட்டும்தான் பேச்சு.

அந்தத் திண்ணையில் அறிவியல் படித்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் நான் கெட்ட உதாரணம். "அக்கா மாதிரி எதையாவது எடுத்துட்டு நிக்காத" என்று சொல்லிக் காட்டுவதற்குப் பயன்படுகிற ஆள்.

நான் படிப்பது எம்.எஸ்சி. ஜியாலஜி. காடாம்புலியூர் பஸ் ஸ்டாப்பில் யாரிடமாவது இதைச் சொன்னால் "ஜியாகிரபியா? நல்லதும்மா, டீச்சராவலாம்" என்பார்கள். தமிழில் சொன்னால் புரியுமே என்று ஒருமுறை "நிலவியல்" என்றேன். "நிலாவப் பத்தியா?" என்று கேட்டார் அத்தை. ஙே என்று விழித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிற ஊர் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் பகுதியில் ரோடு, பஸ், கடை, மாமாவின் காண்ட்ராக்ட் வேலை, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்கிற "என்.எல்.சி.யா?" என்ற கேள்வி, எல்லாமே பூமிக்கடியில் இருந்து தோண்டி எடுத்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது என்ன என்று விடாமல் கேட்டு மாதிரி அனுப்பினார். 1940-களில் ஜி.எஸ்.ஐ. என்கிற இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் வந்து துளை போட்டுப் பார்த்தார்கள். 1956-ல் கம்பெனி தொடங்கியது. 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. மண் வெட்டுகிற பெரிய சக்கர யந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையத்துக்கு சோவியத் உதவி வந்தது. நாம் நிலம் கொடுத்தோம், கூலிக்குப் போனோம், பிறகு நிலத்துக்கு விலை போதாது என்று போராடினோம். (போராட்டம் தப்பு என்று சொல்லவில்லை. ஆட்டோ அனுப்பிவிடாதீர்கள்.) எழுபது வருஷத்துக்கு அப்புறமும் காலடியில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்கு எங்கள் ஊரில் ஆள் இல்லை. காரணம் கேட்டால் "அதுக்கு ஸ்கோப் இல்ல".

இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மாமா சொல்கிற ஸ்கோப் எங்கிருந்து வருகிறது? போன வருஷம் வேலையில் சேர்ந்த யாரோ ஒரு பையனிடமிருந்து. அவன் அந்தப் படிப்பை முடிவு செய்தது அதற்கு ஆறு வருஷம் முன்னால், பதினொன்றாம் வகுப்பு சேரும்போது. என் தம்பி இப்போது சேர்ந்தால் வேலைக்கு நிற்பது இன்னும் ஆறு வருஷம் கழித்து. அதாவது ஒருவன் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் விதைத்த விதையைப் பார்த்து, அதே மழை பெய்யும் என்று நம்பி இவன் விதைக்க வேண்டும். முந்திரித் தோப்பு வைத்திருக்கிற எங்கள் பெரியப்பா விவசாயத்தில் இப்படி ஒரு நாளும் செய்ய மாட்டார். பிள்ளை படிப்பில் மட்டும் செய்வார்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றுவோம். 2000-களின் தொடக்கத்தில் பயோடெக்னாலஜிதான் எதிர்காலம் என்று மூலைக்கு மூலை காலேஜ்கள் அந்தப் படிப்பைத் திறந்தன. படித்து வந்த அக்காக்களில் எத்தனை பேர் கடைசியில் பேங்க் பரீட்சை எழுதினார்கள் என்று உங்கள் தெருவிலேயே கணக்கெடுங்கள். அதன் பிறகு ஆசிரியர் பயிற்சி. பள்ளி மாதிரி புற்றீசலாய்ப் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. சேர ஆளில்லாமல் பிறகு ஒவ்வொன்றாக மூடின. அப்புறம் சிவில், அப்புறம் மெக்கானிக்கல். கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன, 2001-ல் ஒரு அடி, 2008-ல் ஒரு அடி. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை அனுப்புவதாகச் சொன்னது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. கம்ப்யூட்டர் படிக்காதீர்கள் என்பது என் கட்சி இல்லை. பிடித்துப் படிக்கிறவனுக்கு அது அருமையான படிப்பு. "ஸ்கோப்" என்று யாரோ சொன்னதற்காகப் பிடிக்காமல் போய் உட்கார்ந்தவன்தான் முதல் அடியிலேயே விழுகிறான். அவனிடம் ஸ்கோப் மட்டும்தானே இருந்தது, அது போனால் வேறு என்ன மிச்சம்?

நான் எப்படி இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் கொல்லையில் போர் போட்டார்கள். முதலில் நீரோட்டம் பார்க்கிற ஒரு பெரியவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு இடத்தில் தேங்காய் நட்டுக்குத்தலாக நின்றது. வெற்றிலை பாக்கோடு பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் போர் வண்டி வந்தது. பைப் இறங்க இறங்க வெளியே வந்த மண்ணை வண்டிக்காரப் பையன் ஒருவன் கை கையாக அள்ளித் தரையில் வரிசையாக வைத்தான். முதலில் செக்கச் சிவப்பு. அப்புறம் மஞ்சள். அப்புறம் வெண்ணெய் மாதிரி வழவழவென்று வெள்ளைக் களிமண். மறுபடி மணல், இந்த முறை சாம்பல் நிறத்தில். எனக்கு அது திருவிழாக் கடை மாதிரி இருந்தது. "ஏண்ணா இப்படி மாறி மாறி வருது?" என்று கேட்டேன். "அது அப்படித்தான் வரும் பாப்பா" என்றான். அப்பாவிடம் கேட்டேன், டீச்சரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், சாயங்காலம் அம்மா அந்தக் குவியல்களைக் கூட்டித் தள்ளிவிட்டார்.

ஏழு வருஷம் கழித்து எனக்கு விடை தெரியும். அந்தச் சிவப்பு மண்ணுக்கு 'கடலூர் மணற்கல்' என்று உலகம் முழுக்கப் பெயர். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைப் பார்க்க ஸ்கூலில் டூர் கூட்டிப் போவார்களே, சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள், அவை கிடப்பதும் இதே படிவத்தில்தான். ஆறு பெருக்கெடுத்த காலத்தில் மணல் படிந்தது, நீர் தேங்கி நின்ற காலத்தில் களிமண் படிந்தது. அதுதான் மாறி மாறி வந்தது. எங்கள் பக்கம் முந்திரி நன்றாக வருவதற்கும் தண்ணீர் தேங்காத இந்தச் சிவப்பு மண் ஒரு காரணம்.

தேங்காய் ரகசியமும் தெரியும். எங்கள் பூமி பாறை கிடையாது, மணல் அடுக்கு. நீர் தாங்குகிற அடுக்கு அடியில் விரித்த ஜமக்காளம் மாதிரி பரவிக் கிடக்கிறது. கொல்லையில் எந்த மூலையில் துளைத்தாலும் தண்ணீர் வரும். எத்தனை அடியில் என்பதுதான் கேள்வி. ஆகவே தேங்காய் தப்பவே தப்பாது :-) இதே பெரியவரை தர்மபுரிப் பக்கம் கூட்டிப் போங்கள். அங்கே கெட்டிப் பாறை, தண்ணீர் வெடிப்புகளில் மட்டும் ஓடுகிறது, பத்து மீட்டர் தள்ளித் துளைத்தால் புகைதான் வரும். அங்கே மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி எவ்வளவு தடை வருகிறது என்று அளந்து, எங்கே வெடிப்பு இருக்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் காசு கொடுக்க விவசாயி தயாராக இருக்கிறார். தேங்காய்க்கே கொடுக்கிறாரே!

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன், ஏனென்றால் இது வெறும் ரசனை விஷயம் இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம் என்று கணக்கு. 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்கு நீர்த்தூண் நின்று அழுத்துவதற்குச் சமம். மேலே இருக்கிற மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அடியிலிருந்து தண்ணீர் சுரங்கத்தைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவு பகலாக பம்ப் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். இதனால் சுற்று வட்டாரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது? மேடையில் ஒருவர் "அன்னைக்கு எட்டடி, இன்னைக்கு எண்ணூறு அடி" என்கிறார். இன்னொரு பக்கம் அப்படியெல்லாம் இல்லை என்று மறுப்பு வருகிறது. நடுவில் எங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது, "என் கிணற்றில் இருபது வருஷமாக மாதா மாதம் அளந்த கணக்கு இதோ" என்று நீட்ட ஒரு நோட்டு இருக்கிறதா? கிடையாது. 2023-ல் சுற்று வட்டார நீரையும் மண்ணையும் சோதித்து அறிக்கை கொடுத்தது பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும். செய்தி வந்ததும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மாதிரி எடுக்கவும் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதே வருஷம் ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த வயலில் மண் வெட்டும் யந்திரம் இறங்கியதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அழுதோம், திட்டினோம். அடுத்த மாதம் ஊரில் சேர்ந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் குரூப்.

2022-ல் கேட் மதிப்பெண்ணை வைத்து என்.எல்.சி.யில் 299 பயிற்சி அதிகாரிகளை எடுத்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் இல்லை என்று பெரிய சத்தம் எழுந்தது, முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நிலம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திண்ணையில் ஒரு கேள்வி கேட்டேன்: "கேட் பரீட்சையில ஜியாலஜிக்குன்னு தனித்தாள் இருக்கு, மைனிங்குக்கு ஒண்ணு இருக்கு, நம்ம ஊர்ல யாருக்காவது தெரியுமா?" மாமா இருபது வருஷமாகச் சுரங்கத்தில் வேலை செய்கிறார். எந்த அடுக்குக்குக் கீழே என்ன மண் வரும் என்று என் வாத்தியார்களைவிட வேகமாகச் சொல்வார். அவருக்குத் தெரியவில்லை. அவர் தப்பு இல்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"எல்லாம் சரி, சோத்துக்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்துகிற ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுதலாம். ஜி.எஸ்.ஐ.யிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் வேலை. ஏழாவது ஊதியக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100, படிகள் தனி. மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி நிலவியலாளர். ஓ.என்.ஜி.சி.க்குக் காரைக்காலில் அலுவலகம் இருக்கிறது. மேற்படிப்புக்கு ஐ.ஐ.டி. போக 'ஜாம்' தேர்வு. இடங்கள் நிறையவா என்றால் இல்லை, குறைவு. சில வருஷம் அறிவிப்பில் இடம் சுருங்கிவிடும். பிரைவேட்டில் ஆரம்பச் சம்பளம் சிரிப்பு வரும் அளவுக்கு இருக்கும். காட்டிலும் வெயிலிலும் கல் சுமக்க வேண்டும். இதையெல்லாம் மறைத்து "ஜியாலஜிக்கு ஸ்கோப் இருக்கு" என்று நான் சொன்னால் எனக்கும் மாமாவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று: இடம் குறைவு என்றாலும் போட்டிக்கு வருகிறவர்களும் இன்ஜினியரிங் மாதிரி லட்சக்கணக்கில் இல்லை. ஜி.எஸ்.ஐ. 1851-லிருந்து இருக்கிறது. 1951-ல் அதற்கு முதல் இந்திய இயக்குநராக வந்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சைப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர். நம்மாளுக்கு வராத படிப்பு ஒன்றும் இல்லை.

"பொம்பளப் புள்ளைக்குச் சுரங்கமா?" என்று அத்தை கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1952 சுரங்கச் சட்டம் பெண்களைப் பூமிக்கடியில் வேலை செய்ய விடவில்லை. மேலே என்றாலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான். 2019-ல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. நான் பதினொன்றாம் வகுப்பில் சேரும் முன்பே சட்டம் மாறிவிட்டது. அத்தைதான் இன்னும் மாறவில்லை.

ஜியாலஜி மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் வந்தால் எனக்குத்தான் போட்டி, ஹி ஹி. எங்கள் ஊர் முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்களின் கையைப் பாருங்கள். ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்திருக்கும். அந்த எண்ணெய்க்குள் இருக்கிற பீனால் வகைச் சேர்மங்கள்தான் காரணம். அதே எண்ணெய்தான் பிரேக் லைனிங்கிலும் பெயின்ட்டிலும் போகிறது. கை வெந்தது நம் ஆட்களுக்கு, லாபம் வேறு யாருக்கோ. இதில் ஒரு வேதியியல்காரனுக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் ஒரே ராத்திரியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நான் அப்போது சின்னப் பிள்ளை. விடிந்ததும் தோப்பில் வெளிச்சம் அதிகமாக இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் தோப்பில் நட்ட ஒட்டுக்கன்று விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ.-3. அதை உருவாக்கியவர்களும் ஒரு காலத்தில் திண்ணையில் "தாவரம் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று கேட்கப்பட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். போரில் வந்த அந்த வெள்ளைக் களிமண் இருக்கிறதே, அந்த மாதிரி மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கிறது, அதற்குப் படிப்பும் அங்கேயே இருக்கிறது.

பிளஸ் ஒன் சேரப் போகிறவர்களே, யாராவது "எதுக்கு ஸ்கோப்?" என்று ஆரம்பித்தால் இரண்டு கேள்வி திருப்பிக் கேளுங்கள். நம்மைச் சுற்றி எந்த வேலை ஆளில்லாமல் கிடக்கிறது? அதில் எதைப் பற்றி நான் கேட்காமலேயே கேள்வி வந்துகொண்டிருக்கிறது? அத்தோடு மூன்றாவதாக, அந்தப் படிப்பு முடித்த ஒரே ஒரு ஆளையாவது நேரில் பார்த்து, நேற்று முழுக்க என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். சம்பளத்தையும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

மாநாடு முடிந்து எல்லோரும் போன பிறகு தம்பி வந்தான். "என்னடா எடுக்கப் போற?" என்றேன். "கம்ப்யூட்டர்தான்கா. எனக்கு அதுல கேம் எப்படிச் செய்றாங்கன்னு தெரியணும்" என்றான். மாமாவுக்குப் பரம திருப்தி. எனக்கும்தான், வேறு காரணத்துக்காக.

ஒரு வேண்டுகோள். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வரைக்கும் ஏதாவது ஊரில் உங்கள் வீட்டிலோ கொல்லையிலோ போர் போட்டிருந்தால், எந்த வருஷம், எத்தனை அடியில் என்ன நிற மண் வந்தது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, ஞாபகம் இருக்கிற வரை சொல்லுங்கள். இனிமேல் போடப் போகிறவர்கள் மண் குவியலைக் கூட்டித் தள்ளுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் இன்னும் நல்லது. இதுவரை என் நோட்டில் பதினொரு கிணறு சேர்ந்திருக்கிறது.